உலைச்சட்டி வாங்கியது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
எனாமல் கேரியருக்கும் ரசம்போன கண்ணாடிக்கும் நடுவே
குப்புறக் கிடந்தது.
"பூந்தொட்டி" என்றார் அமானுல்லா.
"எட்டாயிரம். கப்பலில் வந்த சாமான்."

கப்பலோ கட்டைவண்டியோ, எனக்கு அது கணக்கில்லை.
நிமிர்த்த இரண்டு கை போதாமல்
முழங்காலையும் கொடுத்தேன்.
நல்லது.
கனமில்லாத வார்ப்பு ஒரே வருஷத்தில் அடி கரைந்து
கங்கோடு காலில் விழும்.
போன சட்டி அப்படித்தான் போனது,
தேவகோட்டைக் கேட்டின் கொண்டி
பாதிச் சிவப்பில் நிற்க.

காற்று ஏறும் ஓட்டையின் விளிம்பை
இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தேன்: ஒரு விரல்கடை தடிமன்.
ஆழம் ஆறு விரல்.
கரி மேடு கட்டினால்
இரும்பு நேர்க்காற்றில் படாமல் மேலே கிடக்கும்,
செதில் கட்டாது.
ஓட்டைக்குள் கிட்டம் உடைக்கும் முக்கோண உருண்டை
துருவில் இறுகியிருந்தது.
மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும்.

பத்து ரூபாய்க் காசால் சுற்றிலும் தட்டினேன்.
டங். டங். டங்.
டொக்.

அந்த நேரம் பார்த்து வந்தார் வெள்ளையப்பன்,
கானாடுகாத்தான் பங்களா ஓட்டலின் மேனேஜர்.
"முற்றத்துல வச்சுத் தண்ணி ஊத்தித்
தாமரை மிதக்கவிட்டா
வெள்ளைக்காரங்க போட்டோவா எடுத்துத் தள்ளுவாங்க.
ஓட்டையை அடைச்சுக்கலாம். ஒன்பது தர்றேன்."

நான் பேசவில்லை.
இரண்டு செங்கல்லின் மேல் சட்டியைத் தூக்கி வைத்தேன்.
ஓட்டையில் சாக்குத்துணியைத் திணித்தேன்.
என் பாட்டில் தண்ணீர் முழுவதையும் கவிழ்த்தேன்.

மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
டொக் என்ற இடத்தில்
முடியளவு கோடு ஒன்று வியர்த்தது,
பிறகு சொட்டியது.
மேனேஜர் கல்லுரல் பார்க்க உள்ளே போய்விட்டார்.

"ஏம்மா செங்கமலம், என் பொழப்பு உனக்கு என்ன பண்ணுச்சு?"
"தண்ணிக்குத்தான் பாய் ஆகாது."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
கோபம் சிரிப்பாக மாற
ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது.
மூவாயிரத்து இருநூறு,
அதோடு அவர் கடை ஷட்டர் தாழ்ப்பாளும் என் கணக்கில்.

பள்ளத்தூர் கொட்டகையில்
விரிசலின் நுனியில் சின்னதாய் ஒரு துளை போட்டேன்,
இதற்கு மேல் ஓடாதே என்று.
லேத் முத்தரசனிடம் கேஸ் சுடர் இரவல் வாங்கிப்
பட்டையைப் பழுக்கக் காய்ச்சி
வண்டிச் சக்கரத்துக்கு மாட்டுவது போல் மாட்டினேன்.
ஆறும்போது பட்டை இறுகியது,
கோடு வாயை மூடிக்கொண்டது.
மேலே களிமண்ணும் சாம்பலும் ஒரு பூச்சு.

முதல் நாள் வெறும் கொட்டாங்கச்சி நெருப்பு.
ஊதுவானைக் கால்வாசிதான் திறந்தேன்.
வார்ப்பிரும்பை அவசரப்படுத்தினால் அது வெடித்துப் பதில் சொல்லும்.
மறுநாள் நிலக்கரி.
மஞ்சள் புகை எழும்பி மதில் தாண்ட,
மொட்டைமாடியில் துணி காயப்போட்ட டீச்சர்
என் ஏழு தலைமுறையையும் விசாரித்தார்.
புகை தீர்ந்ததும் நடுவில் சின்னதாய்,
வெள்ளையாய், சத்தமில்லாத ஒரு நெருப்பு.
பச்சைக் கரியை ஓரத்தில் வேகவிட்டுக்
கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளவேண்டும்.
ஒரு மணி நேரத்தில் நடு மங்கும்;
கம்பியைத் திருகினால்
கண்ணாடி போல ஒட்டிய கிட்டம்
நொறுங்கிக் கீழே விழும்.

அணைக்கும்போதும் தண்ணீர் கிடையாது.
கரியை ஒதுக்கிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

போன வாரம் வெள்ளையப்பன் போன் செய்தார்.
கல்லுரல் வாங்கிவிட்டாராம்,
தாமரை மிதக்கிறதாம்,
உரலுக்கு அடியில் ஒரு இரும்பு முக்காலி வேண்டுமாம்.
"பாக்கப் பழசா இருக்கணும்."

"ஆறு மாசம் மழையில போடுங்க.
நான் புதுசாத்தான் அடிப்பேன்" என்றேன்.
அளவைச் சொல்லத் தொடங்கினார்.
"செத்த நேரம் கழிச்சுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன்,
உலையில் ஷட்டர் தாழ்ப்பாள்
ஆரஞ்சைத் தாண்டிக்கொண்டிருந்தது.