மீத்தேன் கண்ணாடி

வேலூர் வெயில் ஆறு மணிக்குப் போய்விடுகிறது என்பது
புதிதாய்க் குடிவந்தவர்கள் பேச்சு.
அது மலைப்பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டு
ராத்திரி இரண்டுவரை மூச்சு விடும்.
அந்த மூச்சில்தான் என் வியாழன்
எண்ணெயில் போட்ட அப்பளமாய் நெளிகிறது.

காட்பாடி. காந்தி நகர்.
துவைக்கிற கல்லுக்கும் போர் மோட்டாருக்கும் நடுவே
எட்டு அங்குலத் தொலைநோக்கி.
சரக்கு ரயில் போனால் நாற்பது நொடி
கோளும் நடுங்கும், கல்லும் நடுங்கும்.

பகலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
"மூச்சை இழுங்க. பிடிங்க. ஆடாதீங்க."
இங்கே யாரிடம் சொல்ல?
அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால்
எவன் மூச்சைப் பிடிப்பான்?

பக்கத்து வீட்டு முனிரத்தினத்தின் எல்.இ.டி. பல்பு
மதில்மேல் வைத்த குட்டிச் சூரியன்.
இரண்டு வருஷமாய்ச் சண்டை.
"பாம்பு வருதும்மா."
"வெளிச்சத்துக்கு அது பயப்படாதுங்க."
"அப்ப எனக்குத்தான் பயம்னு வெச்சுக்கோ."
பேச்சு நின்றது.
பொங்கலுக்கு வரும் கரும்பும் நின்றது.

நேற்று பார்சலில் ஃபில்டர் வந்தது,
பஞ்சுக்குள் ஒரு கறுப்பு வட்டம்.
கண்ணில் வைத்துப் பார்த்தேன்:
நிலா இல்லை, கொடியில் துணி இல்லை, என் கை இல்லை.
எண்ணூற்று எண்பத்தொன்பது நானோமீட்டர் என்று விளிம்பில் பொறித்திருந்தது.
மீத்தேன் விழுங்குகிற நிறம்.
நம் கண்ணுக்குத் தெரியாததால்
பேர் வைக்காமல் விட்ட நிறம்.

மூன்று மணிக்குப் பாறை அடங்கியது.
ஒரு படத்துக்கு அரை நொடி, சில சமயம் ஒன்று.
ஆயிரம் படம்; அதில் பாதி ரயிலுக்கு.
மீதியை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியதும்
திரையில் வந்து நின்றது
நான் பார்த்தறியாத வியாழன்.

எல்லாரும் சிவப்பு என்கிற புயல் அங்கே
ஈரச் சுவரில் அப்பிய சுண்ணாம்பு.
துருவங்களில் லேசாய் ஒரு மூடாக்கு.
மற்றதெல்லாம்
ஒளி இறங்கி, ஏறி வராத கிணறு.
ஓரத்தில் அயோ,
தாயைவிடப் பளிச்சென்று, கூச்சமே இல்லாமல்.

அப்போதுதான் கவனித்தேன்,
பல்பு இத்தனை நேரமும் எரிந்துகொண்டிருந்தது.
இந்தக் கண்ணாடியைப் பொறுத்தவரை அது பிறக்கவே இல்லை.
உண்மையைச் சொன்னால்
முன்பும் வியாழனுக்கு அது ஒரு பொருட்டில்லை.
கோள் தாங்கும்.
தாங்காதவள் நான்.

நாலரைக்கு முனிரத்தினம் வந்தார்,
கையில் டார்ச், கழி,
செம்பருத்தி மூட்டில் குத்திப் பார்த்தபடி.
மதிலுக்கு மேலே தலையை நீட்டி
"அணைக்கணுமா?" என்றார், பழைய விறைப்போடு.
"எரியட்டும்ணே."
நம்பாமல் கொஞ்சம் நின்றார்.
பிறகு உள்ளே போய்
அணைத்துவிட்டார்.

இருட்டில் ஃபில்டர் டப்பாவின் மூடியைக் காணோம்.
கல்லடியில் தடவினேன், மோட்டாரடியில் தடவினேன்.
விரலில் ஏதோ ஜில்லென்று பட்டது.

"அண்ணே,
கொஞ்சம் அந்த லைட்டைப் போடுங்க."