ஃபால்ஸ்

எம்.சி. ரோட்டுக்கு ஒரே பேலில் வந்த
இரண்டு புடவைகள்.
இரண்டுக்கும் நான்தான் ஃபால்ஸ் அடித்தேன்.
ஒரே ஊசி, ஒரே கூலி.

கம்பெனிப் பையன் சீட்டு குத்தி எடுத்துப் போனான்:
இளமஞ்சள், மருமகளுக்கு.
கத்தரிப்பூ, வில்லிக்கு.

ராத்திரி ஒன்பதுக்குக்
கத்தரிப்பூ மாடிப்படி இறங்குகிறாள்.
மூன்று முறை இறங்குகிறாள்.
மூன்று முறையும் இடி இடிக்கிறது,
கொருக்குப்பேட்டையில் ஒரு சொட்டு மழை இல்லை.
கீழே இளமஞ்சள்
காப்பித் தட்டோடு நிற்கிறாள்.
போன வாரமும் அதே தட்டோடுதான் நின்றாள்.
சோபாவில் நாலு ஆம்பளைகள்.
கோட்டு போட்டவன் எழுந்து அவளை அறைகிறான்,
மற்ற மூவரும் திரும்பிப் பார்ப்பதற்குள்
விளம்பரம் வந்துவிடுகிறது.
அந்த வீட்டில் சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று
நானூறு எபிசோடாகியும்
ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

மறுபடி தொடங்கியபோது ரயில்வே கேட் விழுந்தது.
கூட்ஸ் வண்டி
எண்ணூர்ப் பக்கமிருந்து பெட்டி பெட்டியாக வந்து
சத்தத்தையெல்லாம் வாரிக்கொண்டது.
ஊமைப்படமாய்ப் பார்த்தேன்:
கத்தரிப்பூ ஒரு ஃபைலைத் திறக்கிறாள்,
கணக்குக் கேட்கிறாள்,
பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்
கையெழுத்துப் போடுகிறாள்,
வாய்விட்டுச் சிரிக்கிறாள்.
எங்கள் மகளிர் குழுவில் ஒன்றாம் தேதி
நான் செய்வதும் இதுதானே.
கடைசிப் பெட்டி கடந்த பிறகு
வயலின் வந்து ஞாபகப்படுத்தியது,
அவள் கெட்டவள்.

பக்கத்தில் தேசிங்கு நெத்திலி ஆய்கிறான்.
ஹார்பரில் இருபது வருஷம் மூட்டை தூக்கிய விரல்,
தலையைக் கிள்ளிக் குடல் உருவுவதில்
என்னைவிட சுத்தம்.
இளமஞ்சள் அழுதால் அவனும் அழுவான்.
தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு
"மீன் தண்ணி தெறிச்சிச்சி" என்பான்.
டீக்கடையில் மட்டும்,
"சீரியலா? அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்பா."

கதவு தட்டினால் போதும்,
நெத்திலித் தட்டு என் மடிக்கு வந்துவிடும்.
சகாயராணி உள்ளே நுழையும்போது
பிளாஸ்டிக் சேரில்
கால்மேல் கால் போட்டிருப்பான்,
விரலெல்லாம் செதில்.

மாசக் கடைசியில் கத்தரிப்பூ திரும்பி வந்தது.
ஓரம் பிய்ந்து,
கொசுவத்தில் எடுக்க மறந்த ஊக்கு,
இடுப்புப் பக்கம் வேர்வை உப்பு.
இடி இடிக்கும்போதெல்லாம்
அவளுக்கும் வேர்த்திருக்கிறது.
"வேற சீரியலுக்குப் போவுதுக்கா.
சமிக்கியப் பூரா புடுங்கிடு,
நல்லவளுக்குப் போதும்," என்றான் பையன்.

அவ்வளவுதானா?

ராத்திரி முழுக்கப் பிடுங்கினோம்.
ஆமாம், இரண்டு பேரும்தான்.
அவன் என் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.
அவள் கேட்ட கணக்கு, போட்ட கையெழுத்து,
சிரிப்பு, மாடிப்படி
ஒவ்வொன்றாய் பவுடர் டப்பாவில் விழுந்தன.
யாரும் கதவைத் தட்டவில்லை.

விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பினான் தேசிங்கு.
மீசையில் ஒரு சமிக்கி ஒட்டியிருந்தது.
டீக்கடையில் அத்தனை ஆம்பளைகள் நடுவில்
மினுங்கட்டும் என்று
நான் சொல்லவில்லை.