கொசுறு

மூன்று மணிக்குச் சந்தை மூடும்.
இப்போது இரண்டு ஐந்து.
ஈரி ஏரி நேற்றிரவு எழுந்து வந்து
பஃபலோ நகரத்தின் மேல் படுத்துக்கொண்டது.
தெரு எது, வாகன நிறுத்தம் எது
யாருக்கும் தெரியவில்லை.

ஒரு தட்டில் ஜாவோன் மெரிவெதர்.
ஆட்டத்துக்கு இருபத்தொன்பது புள்ளி,
அவன் எம்பினால்
எதிரணி ரசிகனும் தன்னையறியாமல் எழுந்து நிற்பான்.
கூடவே அவனது இடது முழங்கால்.
சின்னத் தேய்மானம் என்கிறார் அவர்கள் மருத்துவர்.
எங்கள் மருத்துவரும் அதையேதான் சொல்கிறார்,
'சின்ன' என்பதைக் கொஞ்சம் இழுத்து.

மறு தட்டில்
ரோக்கஸ் வைட்குஸ், ஏழடி.
போன மாதம்தான் வீடு வாங்கினான்;
மகளுக்குப் பனிச்சறுக்கு வகுப்பில்
இரண்டாம் தவணையும் கட்டியாயிற்று.
அப்புறம் கோர்டெல் ஹாக்ஸ்.
அவனை எனக்குப் பிடிக்காது,
அதனாலேயே அவன் கணக்கை மூன்று முறை போட்டேன்.

அப்புறம்
இரண்டாயிரத்து முப்பத்துமூன்றின் முதல் சுற்று உரிமை.
காகிதத்தில் அது ஒரு வரி.
உண்மையில் அது எங்கோ ஆறாம் வகுப்பில்
வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று
அம்மாவின் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லும் பையன்.
அவனையும் விற்கிறோம்.
அவனுக்கு இன்னும் மீசைகூட அரும்பவில்லை.

கையிலிருக்கும் களாக்காய் மேல் என்பவர்கள்
வருடத்துக்கு நாற்பது ஆட்டம் ஜெயித்து
ஏப்ரலில் வீட்டுக்குப் போகிறவர்கள்.
நாங்கள் ஒன்பது வருடமாகக்
களாக்காய் தின்கிறோம்.

முதலாளி கிரைமர் வழுக்கைத் தலையைத்
தடவிக்கொண்டே நடக்கிறார்.
மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடுவதுதான்
இன்றைக்கு என் உத்தியோகம்.
"ஹலினா, உன் கணக்கு என்ன சொல்கிறது?"
கணக்கு ஒன்றும் சொல்லாது, ஐயா.
கேட்டால் தலையாட்டும்,
எந்தப் பக்கம் கேட்டாலும்.

பனிவண்டி ஓட்டும் என் தம்பி காஜிக்
குறுஞ்செய்தி அனுப்புகிறான்: வாங்கு.
ஐந்து நிமிடம் கழித்து: வாங்காதே, முழங்கால்.
பிறகு: வாங்கு வாங்கு வாங்கு.

இரண்டு நாற்பது.
அந்தப் பக்கம் சரி என்றார்கள்.
கிரைமர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.
அப்போதுதான் பார்த்தேன்,
தட்டு சமமாகவில்லை.
லீக் விதிப்படி போகிற சம்பளம்
வருகிற சம்பளத்துக்கு ஈடாக வேண்டும்.
பதினாறு லட்சம் டாலர் குறைகிறது.

கறிவேப்பிலை மாதிரி ஒரு கொத்து.
பட்டியலின் கடைசிக்குப் போனேன்.
எலியட் டுபே.
பன்னிரண்டாவது ஆள்,
இந்த வருடம் ஆடியது மொத்தம் நாற்பத்தொரு நிமிடம்.
மற்றவர்கள் உட்கார வரும்போது
எழுந்து இடம் கொடுப்பவன்.

அவனுக்காக யாரும் கூட்டம் போடவில்லை.
அவன் முழங்காலை யாரும் படம் எடுக்கவில்லை.
அரை நொடியில் பெயரை இழுத்துப் போட்டேன்,
முள் நடுவில் நின்றது.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு அனுப்பினேன்.
அறை முழுக்கக் கூச்சல், யாரோ பாட்டிலைத் திறந்தார்கள்.
நான் ஜன்னலுக்குப் போனேன்.

கீழே, உயரமான ஒருவன்
பனியில் புதைந்த கார் ஒன்றைத்
தோண்டி எடுத்துக்கொண்டிருந்தான்.
என் கார்.
காலையில் மின்தூக்கியில் புலம்பியிருந்தேன்,
சாயங்காலம் எப்படி வீடு போவேனோ என்று.
பக்கத்தில் அவன் நின்றது
இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அவன் சட்டைப்பையில் ஏதோ அதிர்ந்திருக்க வேண்டும்.
மண்வெட்டியைக் கக்கத்தில் இடுக்கி
கையுறையைப் பல்லால் கழற்றி
கொஞ்ச நேரம் பார்த்தான்.
நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தான்,
சரியான ஜன்னலை அல்ல.

பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு
கண்ணாடியின் மீதிப் பாதியையும்
துடைக்க ஆரம்பித்தான்.