மூணாவது ஸ்டேஜ்

மூணாவது ஸ்டேஜ் என்றார் டாக்டர்.
இருபத்திரண்டு வருசம் கண்டக்டராய் இருந்தவனுக்கு
மூணாவது ஸ்டேஜ் என்றால் தல்லாகுளம்.
சிரித்துவிட்டேன்.
பேச்சி சிரிக்கவில்லை.

நாக்கில் பாதியை எடுத்துவிட்டு
இடது முன்கையிலிருந்து தோல் வெட்டி
அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள்.
முப்பத்துமூன்று நாள் கரண்டு.
எச்சில் வற்றிப்போனது.
ஒரு காலை, வாய் கொப்பளிக்கையில் பார்த்தேன்:
நாக்கின் ஓரம் கறுப்பாய் ஒரு முடி,
இன்னும் கையில் இருக்கிற நினைப்பில்
முளைத்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் பேச்சு சொல்லித்தரும் பெண்
அட்டை அட்டையாய் நீட்டுவாள்.
ம வந்தது. ப வந்தது.
உதட்டு எழுத்தெல்லாம் விசுவாசமாய் இருந்தன.
ட போயிற்று. ற போயிற்று.
வீட்டில் கூப்பிட்டால் ‘பே’ மட்டும் வரும்;
அதற்கே திரும்புவாள் பேச்சி.
ழ அட்டையை எடுத்தபோது
எழுதிக் காட்டினேன்:
அதை விடுங்கம்மா,
எங்க பக்கம் வாளப்பளம்தான்,
அது நான் தொலைத்ததில்லை.

டிப்போவில் நல்லவர்கள்தான்.
டைம் ஆபீசில் உட்காருங்க என்றார்கள்,
பேசவே தேவையில்லை என்றார்கள்.
அதனால்தான் வேண்டாமென்று எழுதிக்கொடுத்தேன்.

மாசி பதினொன்று, முதல் நடை,
பெரியாரிலிருந்து அழகர்கோவில்.
விசிலில் காற்று ஓரமாய் ஒழுகியது.
சுருளிநாதன் கண்ணாடியில் பார்த்து
கேட்டதுபோல வண்டியை எடுத்தான்.

புதூர் வந்தது, ஏறக்குறைய.
மூன்றுமாவடியில் பாதி.
கடச்சனேந்தலை நான் சொன்னது
கடச்சனேந்தலுக்கே தெரிந்திருக்காது.
இறங்க வேண்டியவன் அடுத்த நிறுத்தத்தில் குதித்து
“காலையிலேயே ஊத்திட்டு வந்திட்டியா?” என்றான்.
சட்டைப்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது.
எடுக்கவில்லை.
மீதி இரண்டு ரூபாய் பாக்கி இருந்தது அவனுக்கு,
ஓடிப்போய்க் கொடுத்தேன்.

ராத்திரி
ரசஞ்சோற்றை மசித்துக்கொண்டே கேட்டாள்,
“எத்தனை பேருக்குப் புரிஞ்சுச்சு?”
நாலு விரல் காட்டினேன்.
“நேத்து வரைக்கும் நான் ஒருத்தி” என்றாள்,
மற்ற மூன்று பேர் யாரென்று
தெரிந்தாக வேண்டும் என்கிற மாதிரி.

விளக்கணைத்த பிறகு
பாயில் கிடந்து ஊர்ப்பெயரை மென்றேன்.
தண்ணீர் குடித்தேன், மறுபடி மென்றேன்.
அந்த நிறுத்தத்தில் ஒரு மரம் உண்டு,
இத்தனை வருசம் அதன் நிழலில்தான்
ஆள் இறக்கியிருக்கிறேன்.
வேம்பு.
சொல்லிப் பார்த்தேன்.
உதட்டில் தொடங்கி உதட்டிலேயே முடிகிறது.

மறுநாளிலிருந்து வேம்பு வேம்பு என்று கத்தினேன்.
சிலர் சிரித்தார்கள்.
ஒரு பையன் என்னைப்போலவே சொல்லிக் காட்டினான்,
நன்றாகவே சொன்னான்.

ஆடியில் அடுத்த ஸ்கேன்.
அதுவரை ஒன்றும் சொல்ல முடியாதென்கிறார்கள்,
நானும் கேட்கவில்லை.

நேற்று தல்லாகுளத்தில்,
கைச்சிராய்ப்போடு ஏறிய கொத்தனார்
வெளியே பார்த்தபடி சில்லறையை நீட்டினார்:
“வேம்பு ஒண்ணு.”

மெஷினில் அப்படி ஓர் ஊர் இல்லை.
கடச்சனேந்தலை அழுத்திக்
கிழித்துக் கொடுத்தேன்.