திங்கட்கிழமை விடுமுறை

கதவிலேயே எழுதியிருக்கிறது.
இருந்தும் அவர்கள் வந்தது திங்கட்கிழமை.
மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து
வாடகைப் பேருந்தில் முப்பத்தொரு பேர்,
இரண்டு கூடை செர்ரி,
பேருந்தில் ஏறிப் பழகிய ஒரு நாய்.

மூன்றாம் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
கண்ணாடியைத் தட்டியவள்
டியோலிண்டா என்று பெயர் சொன்னாள்.
"எங்கள் பன்றியைப் பார்க்க வந்தோம்."
மருத்துவமனை வாசலில் நின்று
சொந்தக்காரரின் படுக்கை எண் கேட்கும் குரல்.

இயக்குநருக்கு ஃபோன் அடித்தேன்.
அடித்துக்கொண்டே இருந்தது.
திறந்துவிட்டேன்.

*

கருங்கல் பன்றி.
நீளம் ஒரு மீட்டர் எழுபது.
மூக்கு பாதி, வலது காது இல்லை.
இரண்டாயிரத்து முந்நூறு வருடம் முன்பு
யாரோ, எதற்கோ செதுக்கியது.
மந்தைக்குக் காவல் என்கிறது ஒரு கட்டுரை,
இறந்தவருக்குத் துணை என்கிறது இன்னொன்று.
சண்டை தீரும்வரை இருக்கட்டும் என்று
பலகையில் எழுதினோம்:
'பயன்பாடு: தெரியவில்லை.'
எழுதினோம் என்ன, எழுதினேன்.
போர்ச்சுகலின் இந்த மூலையில்
அருங்காட்சியகம் என்றால்
காவலும் நான், எழுத்தும் நான்,
பல்பு மாற்றுவதும் நான்.

ஃபிர்மினோ என்பவர்
பலகையை மூக்கு உரசப் படித்தார், உரக்க.
கடைசி வரிக்கு வந்தார்:
'முதுகில் உள்ள வழவழப்பு
பிற்காலத் தேய்மானம்.'

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்:
"தேய்மானமா?
அது நாங்கள்தானே!"

சிரிப்பு பிடித்துக்கொண்டது.
ரோமானிய நாணயப் பெட்டியின் கண்ணாடி அதிர்ந்தது.
ஆளுக்கொரு வாய், ஒரே நேரத்தில்:
ரொட்டி அடுப்பு சூடாகும்வரை உட்கார்ந்தது,
தபால்காரனுக்காக உட்கார்ந்தது,
கள்ளத்தனமாகப் பிரான்சுக்குப் போகும் லாரிக்காக
இரவு மூன்று மணிக்கு
பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தது.
"என் கால் தரையைத் தொடவில்லை அப்போது" என்றார்
லாரியில் போன அட்டிலியோ.

"அந்தக் காது..." என்று நான் இழுத்தேன்.
எங்கள் பட்டியலில் அது
'பழங்காலத்தில் வேண்டுமென்றே உடைக்கப்பட்டது.'
மூன்று பக்க அடிக்குறிப்பு உண்டு.

எல்லாரும் ஃபிர்மினோவைப் பார்த்தார்கள்.
ஃபிர்மினோ நாயைப் பார்த்தார்.
"டிராக்டர் புதுசு" என்றார்.
"பின்னால் எடுக்கத் தெரியவில்லை."

*

பேச்சு சுவாரசியத்தில் டியோலிண்டா
தோள்பையை இறக்கிப்
பன்றியின் முதுகில் வைத்தாள்,
அறுபது வருடமாக வைத்த இடத்தில்.

அலாரம்.

முப்பத்தொரு பேரும் கல்லானார்கள்.
கல் மட்டும் எப்போதும்போல் இருந்தது.

சாவியைத் தேடி அணைத்தேன்.
பையை எடுக்கப் போனவன்
எடுக்கவில்லை. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
பதினொரு வருடம் இதைத்
தூரிகையால் தூசி தட்டியிருக்கிறேன்.
வெறுங்கையால் அன்றுதான் தொட்டேன்.
நடுவில் ஒரு பள்ளம், கழுவிய தட்டுபோல்.
உள்ளங்கை அதுவாகவே அதில் போய் அமர்ந்தது.

பன்றி நின்ற இடத்தில்
நகராட்சி இரும்பு பெஞ்சு போட்டிருக்கிறதாம்.
வெயிலில் சுடுகிறது, மழையில் துருவேறுகிறது,
பூனைகூட ஏறுவதில்லை.
"திருப்பிக் கேட்க வரவில்லை" என்றாள் டியோலிண்டா.
"இங்கே நனையாமல் இருக்கிறது.
ஆனால் தனியாக இருக்கிறதே."

*

செவ்வாய்க்கிழமை இயக்குநர் வந்தார்.
பீடத்தடியில் இரண்டு செர்ரிக் கொட்டைகள்.
என்னைப் பார்த்தார். நான் பல்பைப் பார்த்தேன்.

பலகையில் ஒரு துண்டுக் காகிதம்
ஒட்டியிருந்தேன், தட்டச்சு செய்து:
'பயன்பாடு: காத்திருக்க.'

ஆதாரம் கேட்டார்.
முப்பத்தொரு பெயர் கொடுத்தேன்.
எழுத்து அளவு விதிப்படி இல்லை என்றார்,
கிழிக்கவில்லை.

காகிதத்தின் ஒரு முனை இப்போது
பிரிந்து தொங்குகிறது.
காது விஷயத்தை
இன்னும் சொல்லவில்லை அவரிடம்.
அந்த மூன்று பக்கமும் அவர் எழுதியது.