முன் இருக்கையில் பட்ஜெட்

முன் இருக்கையில் வைத்ததும்
கார் கத்தத் தொடங்கியது.
ஆள் என்று நினைத்துவிட்டது போல.
நாலு கிலோ இருக்கும், பச்சை அட்டை,
இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே புத்தகம்.
பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.
அப்படித்தான் முஹர்ரக் பாலத்தின் மேல்
ஒரு நாட்டின் வரவும் செலவும்
மூன்று வாரம் என் பக்கத்தில்
ஒழுங்காக உட்கார்ந்து வந்தன.

பின் இருக்கையில் பூ நாசர்,
தொகுதியின் உறுப்பினர், என் முதலாளி.
என் பெயரின் முதல் எழுத்து அவர் மொழியில் இல்லை.
பரஞ்சோதியைப் பாதியிலிருந்து தொடங்கி
ஜோதி என்கிறார்.

சிக்னலில் பக்கம் புரட்டுவேன்.
எழுத்து தெரியாது, எண் தெரியும்.
இவர்களுடைய ஐந்து நம் சுழியம் மாதிரி,
இவர்களுடைய சுழியம் வெறும் புள்ளி.
எது எதற்கென்று அவர்தான் ஒருநாள் காட்டினார்:
பள்ளிக்கூடங்களுக்குப் பதினான்கு பக்கம்,
சாக்கடைக்கு ஆறு,
பாதுகாப்புக்கு ஒரே வரி.
ஓர் எண், அதன் பின்னால்
சர்க்கரை கண்ட எறும்புகளாய்ப் புள்ளிகள்.
எங்கள் எழுத்தில் தலைமேல் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மட்டும் நிற்கும்.
இங்கே வைக்க வைக்கத் தொகை பெருகுகிறது.

செவ்வாய் இரவு மஜ்லிஸ்.
நான் காவா ஊற்றுகிறேன்.
அராதில் மழைநீர் வடியவில்லை என்று ஒருவர்
போட்டோவை ஜூம் செய்து ஜூம் செய்து
மிதக்கும் ஒற்றைச் செருப்பு வரை காட்டினார்.
வீட்டுக்கு அப்பா போட்ட மனுவை
மகன் எடுத்து வந்திருந்தான்.
மகனுக்கே தாடி நரைக்கத் தொடங்கிவிட்டது.
டிஷ்யூ பெட்டியின் முதுகில்
பூ நாசர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்போது மேலே ஜெட் போயிற்று.
ஃபின்ஜான்கள் தட்டில் நடுங்கின.
பேசிக்கொண்டிருந்தவர்கள் வாக்கியத்தை
அப்படியே பிடித்து வைத்திருந்து
சத்தம் போனபின் விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள்.
வாசலருகே நின்ற உம் ஷாஹீன் சொன்னாள்:
"என் ஜன்னல் விரிசல் விட்டது இதில்தான்.
அந்த ஒரே வரியில்
என் கண்ணாடிக்கும் சேர்த்துப் போடு.
பதினொரு தினார். கடையில் கேட்டுவிட்டேன்."
யாரோ சிரித்தார்.
அவர் எழுதிக்கொண்டார்.

என்னிடம் யாரும் குறை கேட்பதில்லை.
அதே தொகுதியில்தான், பேக்கரிக்கு மேல்,
ஆறு பேருக்கு ஒரு குளியலறை.
எனக்கு வாக்கு இல்லை. வாட் உண்டு:
சோப்பில், சிம் கார்டில்,
வீட்டுக்குப் பணம் அனுப்பும் கட்டணத்தில்
பத்து சதவீதம்.
அந்தப் புள்ளிகளில் எதன் ஓரமோ
என்னுடையதாகவும் இருக்கலாம்.
பெல்ட் மாட்டும்போது
கொஞ்சம் உரிமையோடுதான் மாட்டினேன்.

வாக்கெடுப்பு நாள். குதைபியாவில்
கார் நிறுத்துமிடத்தில் ஐந்து மணி நேரம்.
திரும்பும்போது அவரே சொன்னார்.
அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாராம்.
இருக்க வேண்டியது இருக்கிறது என்றார்களாம்.
உம் ஷாஹீனின் ஜன்னலைச் சொன்னாராம்.
மேசை முழுக்கச் சிரிப்பு,
ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாராம்.
பிறகு கை தூக்கச் சொன்னபோது
இவரும் தூக்கியிருக்கிறார்.
"கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று
எனக்கும் தெரியும், ஜோதி."
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.
ஏ.சி.யைக் கூட்டினேன்.

பாலம் ஏறுமுன் வண்டியைத் திருப்பச் சொன்னார்.
கண்ணாடிக் கடை.
தன் பர்ஸிலிருந்துதான் கொடுத்தார்,
அதிலும் பேரம் பேசி
ஒன்பதரை தினாருக்கு முடித்தார்.
ரசீதை நாலாய் மடித்து
அந்த வரி இருக்கும் பக்கத்தில் செருகினார்.

பின் இருக்கை முழுக்கக் கண்ணாடி,
பழைய போர்வைக்குள்.
அவருக்கு இடமில்லை. முன்னால் வந்தார்,
பெல்ட்டை அவிழ்த்துப் புத்தகத்தை எடுத்தார்,
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
கார் மறுபடி கத்தத் தொடங்கியது.
அவருக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை.
மாட்டுங்கள் என்று சொல்ல
அரபியில் மரியாதையாக ஒரு சொல்
எனக்குக் கிடைப்பதற்குள்
பாலம் பாதி கடந்திருந்தது.