நூற்று அறுபத்தைந்து துளைகள்

கோரிமேட்டு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"வீட்டில் யாருக்குத் தச்சு வேலை?" என்றார்.
எனக்கு, என்றேன்.
அவர் என் கணவரைப் பார்த்தார்.
கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இப்படியே போனால்
என்று தொடங்கியவர் முடிக்காமல்
பத்து நாள் மாத்திரை எழுதினார்.

முத்தியால்பேட்டையில், ஸ்கூட்டர் நிற்க வேண்டிய இடத்தில்
என் பட்டறை.
வணிகவரி அலுவலகம் விட்டு வந்தால்
எட்டு மணிவரை அங்கேதான்.
நூற்றிருபது, நூற்றெண்பது, இருநூற்றிருபது:
உப்புத்தாள் எண்களை முணுமுணுத்தாலே
உள்ளங்கை வழவழக்கும்.

தேய்ந்தது எங்கே போகும்?
மாடிக் கொடியில் மதலேன் டீச்சரின் வெள்ளைச் சேலைக்கு.
மூடாத ரசத்துக்கு.
மிச்சம், அந்தப் படத்தில்
வெள்ளைப் புகையாய்.

கடை மேசைக்கு விலை விசாரித்தேன்.
அரை மாதச் சம்பளம்.
போனை வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தேன்.

ஞாயிறு சந்தையில் ஓர் அலமாரிக் கதவு, இருநூறு.
பெயின்டர் காசிலிங்கம் சும்மா தந்த
இருபது லிட்டர் வாளி, மூடியோடு.
இரண்டு பிவிசி முழங்கை, ஒரு முழ நீளக் குழாய்,
எம்சீல் ஒரு பொட்டலம்.
காற்றை இழுக்க?
டீச்சரின் மகன் லியோனிலிருந்து அனுப்பிய வேக்குவம் கிளீனர்
மூன்று வருடமாய்ப் பெட்டி பிரிக்காமல் கிடந்தது.
"எனக்கு விளக்குமாறு போதும்டி.
என் குளியலறைக் கதவு மழைக்கு உப்பிக்கொள்கிறது,
அதை இழைத்துக் கொடு, எடுத்துக்கொண்டு போ.
முதலில் என் சேலையைக் காப்பாற்று."

கதவைக் கிடத்தி, நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி.
மார்கழிக் கோலம்போல் வரிசை பிசகாமல் வைத்தேன்,
பிறகு ஒவ்வொரு புள்ளியையும் துளைத்தேன்.
பதினைந்துக்குப் பதினொன்று.
நூற்றுப் பன்னிரண்டாவதில் டிரில் சூடேறி நின்றது.
டீ குடித்தோம், அதுவும் நானும்.

அடியில் பெட்டி. பெட்டியிலிருந்து குழாய்
வாளி மூடியில் சாய்வாய் நுழையவேண்டும்,
நேராக நுழைந்தால் காற்று சுழலாது,
சுழலாவிட்டால் தூசி கீழே இறங்காது,
நேரே மெஷின் வயிற்றுக்குப் போய் அடைக்கும்.
இதை நான் இரண்டாம் முறை செய்தபோதுதான்
தெரிந்துகொண்டேன்.

சோதனைக்கு ஓர் ஊதுபத்தி.
குழாய்க்குப் பக்கத்துத் துளைகள்
புகையை நூல்போல் உறிஞ்சின.
தூர மூலையிலோ அது
கிளை மாற்றல் கேட்டு வந்த குமாஸ்தாபோல்
சும்மா நின்றுகொண்டிருந்தது.

உள்ளே ஒரு தடுப்பு வேண்டும்.
மெல்லியதாய், வளைவதாய், கிழியாததாய்.
அட்டை தொங்கியது. தகரம் கையைக் கிழித்தது.
பீரோ மேல் பழுப்பு உறைக்குள்
அது இருந்தது.

என் விலா எலும்புகளை அளந்து
பாதியாய் வெட்டினேன்.
இடப்பக்கம் இடப்பக்கத்தில், வலப்பக்கம் வலப்பக்கத்தில்,
சரிவாய் ஒட்டி, ஓரமெல்லாம் டேப்.
கணவர் டார்ச் பிடித்தார்.
"இதை வைத்துக்கொள்ளச் சொன்னாரே" என்றார்.
வைத்துத்தானே கொள்கிறேன், என்றேன்.

அப்புறம் அந்த மூலையும் புகையை விழுங்கியது.
வேலையில்லாத துளைகளைப் பழைய ரப்பர் பாயால் மூடினால்
மற்றவை இன்னும் பலமாய் இழுக்கின்றன.
கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்: எண்ணூற்று நாற்பது ரூபாய்,
டீச்சர் கதவு தனி.

நான்கு மாதம் கழித்து வாளியைத் திறந்தேன்.
மேலே வேம்பு, வெளிர் மஞ்சள்.
நடுவே வேங்கைச் சிவப்பு, ஒரு விரற்கடை.
அடியில் தேக்கு.
கைவிட்டுப் பார்த்தேன், மைதாபோல் மெத்தென்று,
முழங்கை வரைக்கும்.
கொஞ்ச நேரம் மூச்சு விடவில்லை,
பறந்துவிடுமே என்றுதான்.

மறுபரிசோதனை. புதுப் படத்தை மாட்டிவிட்டு
டாக்டர் கை நீட்டினார்:
"பழையது எங்கே? ஒப்பிடவேண்டும்."

இந்த முறை கணவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை.
"அது வேலையில் இருக்கிறது சார்" என்றார்,
"ஐந்தரை முதல் எட்டு."